கிரீக்கோ ரோமனுக்கு மாறலாமா? 20 வயது, 69 கிலோ, புளியந்தோப்பு

ஃப்ரீஸ்டைல் தம்பி:

எல்லோருக்கும் வணக்கம். பி.காம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். மூன்று வருடமாக ஃப்ரீஸ்டைல் மல்யுத்தம், 65 கிலோ பிரிவு. சாதாரண நாளில் 69 இருப்பேன். ஒவ்வொரு போட்டிக்கும் 4 கிலோ இறக்குவதற்குள் உயிர் போய் வருகிறது. போன மாதம் மாஸ்டர், "உனக்குத் தோளும் முதுகும்தான் வேலை செய்யுது, காலைப் பிடிக்கவே வரலை. பேசாம கிரீக்கோவில் 67 ஆடு" என்றார். பாராட்டினாரா திட்டினாரா என்று இன்னும் புரியவில்லை. கிரீக்கோ ரோமன் என்றால் இடுப்புக்கு மேலே மட்டும் பிடித்து ஆடும் மல்யுத்தம். கிரீக்கோவில் ஆள் கம்மி, மாநிலப் போட்டியில் இரண்டு பேரை ஜெயித்தால் மெடல் என்று கூட இருப்பவர்கள் ஏற்றிவிடுகிறார்கள். அம்மாவுக்கு ஒரே கவலை என் காதுதான். ஆடியவர்கள் யாராவது சொல்லுங்கள்.

பெரம்பூர் லோகோ:

மாறாதே. 1952இல் ஹெல்சின்கியில் கே.டி. ஜாதவ் வாங்கியது முதல் 2024 பாரிஸில் அமன் ஷெராவத் வாங்கியது வரை, மல்யுத்தத்தில் இந்தியாவுக்கு வந்த ஒலிம்பிக் மெடல் அத்தனையும் ஃப்ரீஸ்டைல். கிரீக்கோவில் ஒன்றுகூடக் கிடையாது.

பழைய 66 கிலோ:

லோகோ சொல்வது சரிதான். ஆனால் 2020 ஆசிய சாம்பியன்ஷிப்பில் டெல்லியில் சுனில் குமார் 87 கிலோவில் தங்கம் எடுத்தது கிரீக்கோவில்தான். 27 வருடம் கழித்து நமக்கு வந்த தங்கம் அது. தவிர, புளியந்தோப்புப் பையன் மேட் மாற்றுவதற்கு ஒலிம்பிக் கணக்கு எதற்கு?

தம்பி, நான் 2002 முதல் 2013 வரை கிரீக்கோ ஆடியவன். அப்போது 66 கிலோ என்று ஒரு பிரிவு இருந்தது. மாநில அளவில் நாலைந்து மெடல். நேஷனலுக்கு மூன்று முறை போய் மொத்தமே ஒரு ஆட்டம் ஜெயித்தேன். நான் பேசுவதற்குத் தகுதி அவ்வளவுதான்.

நானும் ஃப்ரீஸ்டைலிலிருந்துதான் வந்தேன். முழங்கால் பிசகியது, காலைப் பிடிக்கக் குனிந்தால் கண்ணில் பூச்சி பறந்தது. கிரீக்கோவில் இடுப்புக்குக் கீழே பிடிக்கக் கூடாது, காலால் தட்டிவிடவும் கூடாது என்றதும் நமக்காகவே கண்டுபிடித்த ஆட்டம் என்று நினைத்துவிட்டேன். முதல் போட்டியில் ஒரு நிமிடத்துக்குள் என் கை தானாக அவன் தொடைக்குப் போனது. விசில். மறுபடி போனது. மறுபடி விசில். கேலரியில் என் அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டான்.

அந்தப் பழக்கம் போக எனக்கு எட்டு மாதம் ஆனது. தினமும் பம்மலிங். பம்மல் போகிற பஸ்ஸுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. எதிராளியோடு நெஞ்சோடு நெஞ்சு நின்று, அவன் அக்குளுக்குள் கையை நுழைத்து நுழைத்து எடுப்பது. பார்க்க ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும். மூன்று நிமிடத்தில் முன்கை கல்லாகிவிடும்.

அப்புறம் கீழே படுக்க வைப்பார்கள். சும்மா தள்ளிக்கொண்டே இருந்தால் நடுவர் உன்னைக் குப்புறப் போடுவார். மேலே இருப்பவன் இடுப்பைக் கட்டி உருட்டினால் ஒரு உருட்டுக்கு 2 புள்ளி. ஃப்ரீஸ்டைலில் 10 வித்தியாசம் வந்தால்தான் ஆட்டம் முடியும், இங்கே 8 போதும். கீழே தள்ளியதற்கு 2, மூன்று உருட்டு, நீ ஷூ கழற்றப் போகலாம். நேஷனலில் ஒரு வடக்கத்திப் பையனிடம் இந்த உருட்டில்தான் மாட்டினேன். சென்ட்ரலில் ஏறியதிலிருந்து எடைக்காக ஒழுங்காகத் தண்ணீர்கூடக் குடிக்காமல் போன பயணம் அது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஆள் கம்மி என்று சந்தோஷப்படுகிறாயே, வினையே அங்கேதான் இருக்கிறது. போட்டியில் ஆள் இல்லையென்றால் பயிற்சியிலும் ஆள் இல்லை. ஓட்டம் தனியாக ஓடலாம், தண்டால் தனியாக எடுக்கலாம். கிரீக்கோவைத் தனியாகப் பழக முடியாது. எனக்கு ஒருவன் இருந்தான், வியாசர்பாடியிலிருந்து சைக்கிளில் வருவான். அவனும் 66. ஆறு வருடம், வாரத்துக்கு ஐந்து நாள் கட்டிப் புரண்டிருக்கிறோம். முந்தின இரவு மீன் குழம்பா சாம்பாரா என்று வியர்வையிலேயே கண்டுபிடித்துவிடுவேன். 2011இல் அவன் துபாய்க்குப் போனான். அதற்கப்புறம் இரண்டு வருடம் டம்மி பொம்மையைத் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தேன். டம்மி திருப்பித் தள்ளாது. 2013 பிப்ரவரியில், ஒலிம்பிக்கிலிருந்து மல்யுத்தத்தையே எடுக்கப்போகிறார்கள் என்று செய்தி வந்தது. சரி, நானும் மல்யுத்தமும் சேர்ந்தே ரிட்டையர் ஆகிறோம் என்று வீட்டில் சொல்லிச் சிரித்தேன். செப்டம்பரில் அதைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். நான் போகவில்லை.

வேலை பற்றி நீ கேட்கவில்லை, கேட்பாய். ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் இரண்டு இடத்தில் முயன்றேன், அமையவில்லை. இப்போது பாரிமுனையில் ஒரு ஹார்டுவேர் கடையில் கணக்கு எழுதுகிறேன். பி.காமை விட்டுவிடாதே.

பிசியோ அக்கா:

அம்மாவுக்காக ஒரு வார்த்தை. தலையோடு தலை உரசுவதால் கிரீக்கோவில் காதுக்கு வேலை அதிகம். அடிபட்டால் தோலுக்கும் குருத்தெலும்புக்கும் நடுவில் ரத்தம் தேங்கும். அப்படியே விட்டால் இறுகிப்போய் காலிஃபிளவர் காதாகிவிடும். வீங்கிய அன்றோ மறுநாளோ காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போனால் ரத்தத்தை எடுத்து அழுத்திக் கட்டுவார். சீனியர் யாராவது ஊசியோடு வந்தால் ஓடிவிடு. பயிற்சியில் இயர் கார்டு (காதுக் கவசம்) போடு. படர்தாமரை வந்தால் மறைக்காதே, மேட்டில் எல்லோருக்கும் ஒட்டும்.

ஃப்ரீஸ்டைல் தம்பி:

நன்றி அண்ணா, அக்கா. எங்கள் இடத்தில் கிரீக்கோ ஆடுகிறவன் ஒரே ஒருத்தன்தான். ஆனால் அவன் 77 ஆடுகிறவன். ஒத்துவருமா?

பழைய 66 கிலோ:

நின்று ஆட ஒத்துவரும். கீழே படுத்து உருட்டுவதற்கு அவன் உனக்குக் கனம், கழுத்து போய்விடும். ஞாயிறு காலையில் எங்கே பயிற்சி என்று தனிச்செய்தியில் சொல். நான் இப்போது 81, மூச்சு இரண்டு நிமிடம் தாங்கும். பழகுகிற வரைக்கும் அடியில் படுத்துக்கொள்கிறேன். ஷூ பரணில்தான் இருக்கிறது, அடி பிளந்திருக்கும். 9 நம்பர் யாரிடமாவது இருந்தால் வாங்கி வை.