மறுமொழி: செதுக்காமல் பேய்முகம் வரையும் ஹாலோவீன் பூசணிக்கு என்ன சொல்?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

அமெரிக்கத் தமிழ்ப்பள்ளியில் பாடம் எடுக்கும் அக்கா கேட்டிருந்தார்: பேய்வேடம் போட்டுக் கொண்டாடும் ஹாலோவீன் நாளுக்காக, கத்தியே படாமல் முழுப் பூசணியின் மேல் பேய்முகம் வரைந்து வாசலில் வைக்கிறார்களே, அக்டோபர் மாதக் கைவேலைக் குறிப்பில் அதை ஒரே சொல்லாக எப்படி எழுதுவது என்று. இழையில் இதுவரை வந்தவை செதுக்காப் பூசணி, தீட்டுப் பூசணி, பேய்ப் பூசணி, வண்ணப் பூசணி. என் முன்மொழிவு வரைபூசணி. காரணங்கள் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> செதுக்காப் பூசணி என்றால் விளக்கமே தேவையில்லை.

கடையில் வாங்கி வந்து சமையலறையில் கிடக்கிற பூசணியும் செதுக்காத பூசணிதானே? செய்யாத வேலையைச் சொல்லும் பெயர், செய்த வேலையை விட்டுவிடுகிறது. அந்த வேலையும் லேசுப்பட்டதில்லை. பூசணித் தோல் மெழுகு பூசினாற்போல வழுவழுப்பானது. மண் போகக் கழுவி, ஈரம் முழுதும் உலரவிடாவிட்டால் வண்ணம் பிடிக்காது, உரிந்து வரும். வெள்ளையை நேரடியாகத் தீட்டினால் அடியில் இருக்கும் ஆரஞ்சு நிறம் எட்டிப் பார்க்கும். அதனால் முதலில் ஓர் அடிப்பூச்சு, அது காய்ந்ததும் அக்ரிலிக் வண்ணம் மெல்லியதாக இரண்டு தடவை. மண்டையோடு வரைகிறவர்கள் பூசணியின் பள்ளங்களையே பல்வரிசைக்கு இடைவெளியாக வைத்துக்கொள்வார்கள். காம்பை ஒட்டி இறங்கும் வரிகள் சிலந்திக் கால்களுக்கு வாகாக அமையும். மழை படும் வாசல் என்றால் கடைசியில் நிறமில்லாத வார்னிஷ் ஒரு பூச்சு. இத்தனைக்கும் பெயர் 'செதுக்காதது' என்பதா?

தோல் கிழியாததால் கிடைக்கும் ஆயுளும் இதில் சேர்த்தி. குடைந்த பூசணியின் சதை காற்றுக்கும் பூஞ்சைக்கும் திறந்து கிடப்பதால் சில நாளிலேயே சுருங்கி, உள்ளே பூத்துவிடும். முழுக்காயாக இருந்தால், உறைபனி தாக்காத வரை, வாரக்கணக்கில் நிற்கும். அக்டோபர் முதல் வாரத்திலேயே வரைந்து வைத்துவிடலாம். கத்தி வேண்டாம் என்பதால் சின்னப் பிள்ளைகளும் முழு வேலையையும் தாங்களே செய்யலாம்.

> ஓவியம் தீட்டுவது நல்ல தமிழ். தீட்டுப் பூசணி என்றே வைக்கலாமே?

வினையாக 'தீட்டு' அழகான சொல்தான், நானும் மேலே பயன்படுத்தியிருக்கிறேன். பெயருக்கு முன்னால் நின்றால் நிலைமை வேறு. 'தீட்டு' என்றதும் நம் வீடுகளில் எது நினைவுக்கு வரும் என்று எல்லோருக்கும் தெரியும். பெண்களை ஒதுக்கிவைக்கப் பயன்பட்ட ஒரு சொல்லை, பிள்ளைகள் ஆசையாகச் செய்து வாசலில் வைக்கிற பொருளின் தலையில் கட்ட எனக்கு மனம் ஒப்பவில்லை.

பேய்ப் பூசணிக்குத் தாவரவியலிலேயே தடை இருக்கிறது. பேய்ச்சுரை, பேய்ப்பீர்க்கு, பேய்ப்புடல் எல்லாம் காட்டில் தானே விளையும் கசப்பு வகைகள். அந்த வரிசையில் பேய்ப்பூசணியும் ஒரு கசப்புக்காய் ஆகிவிடும். வண்ணப் பூசணி என்றால் இயற்கையான நிறம் என்ற பொருளும் வந்துவிடுகிறது. லூமினா வகை தானாகவே வெள்ளை, ஜாராடேல் நீலம் கலந்த சாம்பல். லூமினாவை வாங்கி இரண்டு கருங்கண் மட்டும் வைத்தால் ஆவி தயார், அடிப்பூச்சுகூட வேண்டாம்!

சரி, வரைபூசணிக்கு வருகிறேன். வரைபடம், வரைகலை என்று பழகிய வாய்க்கு இது தானாக வரும். மூன்று காலத்துக்கும் பொருந்தும் வினைத்தொகை என்பதால் ஒற்று மிகாது. தட்டச்சு செய்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: ப் சேர்த்து 'வரைப்பூசணி' என்று எழுதினால், 'வரை' என்பதற்கு மலை என்ற பொருளும் இருப்பதால், மலையில் விளைந்த பூசணி என்று பொருள் மாறிவிடும். 'எழுதுபூசணி'யும் எனக்குப் பிடித்திருந்தது. கண்ணுக்கு மை எழுதுவது, தொய்யில் (பெண்கள் உடலில் சந்தனக் குழம்பால் வரையும் கோலம்) எழுதுவது என்று ஓவியத்துக்கு உரிய பழைய வினை அது. ஆனால் இன்றைய பிள்ளைகள் பூசணியில் அ, ஆ எழுதச் சொல்வதாக எடுத்துக்கொள்வார்கள்.

இதில் ஒரு சிக்கலையும் நானே எடுத்து வைக்கிறேன். உணவு ஒவ்வாமை உள்ள குழந்தைகளுக்காக, 'எங்கள் வீட்டில் தின்பண்டம் அல்லாத பரிசும் உண்டு' என்று காட்ட, பூசணி முழுவதையும் நீலப்பச்சையாக்கி வாசலில் வைக்கும் வழக்கம் அமெரிக்காவில் இருக்கிறது. டென்னசியில் தொடங்கியதை, ஃபேர் என்ற உணவு ஒவ்வாமை அமைப்பு 2014-இல் நாடு முழுவதற்கும் கொண்டுபோனது. அதில் முகமும் இல்லை, கோடும் இல்லை, வெறும் பூச்சு. அதையும் வரைபூசணி எனலாமா? 'பூசுபூசணி' நாக்கில் தடுக்குகிறது. எனக்குத் தோன்றுவது, வரைபூசணியைப் பொதுச்சொல்லாக வைத்து, இதை மட்டும் நீலப்பச்சைப் பூசணி என்று தனியே சொல்லிவிடலாம். நிறம்தான் அங்கே செய்தி.

> ஏற்கெனவே திருஷ்டிப் பூசணி இருக்கிறதே, புதுச்சொல் எதற்கு?

நல்ல கேள்வி. முறுக்கு மீசையும் கோரைப்பல்லும் உருட்டுவிழியுமாக, காயை வெட்டாமல் வரைந்து, கட்டி முடியாத வீட்டின் முகப்பில் தொங்கவிடுவது நம் ஊரில் அன்றாடக் காட்சி. தொழில்நுட்பம் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் அது சாம்பல் பூசணி, கண்ணேறு கழிக்க வைப்பது. ஹாலோவீன் பூசணியை இன்று பெரும்பாலும் விளையாட்டாகவும் அலங்காரமாகவும்தான் வைக்கிறார்கள். அந்தப் பெயரையே கொடுத்தால் இரண்டு வழக்கங்களும் குழம்பும். வரைபூசணி என்ற தலைச்சொல்லின் கீழ் திருஷ்டிப் பூசணியையும் ஒரு வகையாகச் சேர்க்கலாம், அதில் எனக்கு மகிழ்ச்சியே.

பரங்கியா பூசணியா என்ற விவாதத்தை இங்கே நீட்டவில்லை. கொங்கில் அரசாணி, வேறு ஊர்களில் பரங்கி, சர்க்கரைப் பூசணி. ஈழத்தில் பூசணி என்றாலே இந்த மஞ்சள் காய்தான், மற்றது நீற்றுப்பூசணி. எல்லோருக்கும் எட்டுவது பூசணி.

அப்புறம், இதற்கு இணையான சொற்களையும் இப்போதே முடிவு செய்வது நல்லது. சதையைச் சுரண்டி எடுத்து, முகம் வெட்டி, உள்ளே விளக்கு வைப்பதற்குக் குடைபூசணி. அயர்லாந்தில் டர்னிப் கிழங்கைக் குடைந்து செய்த விளக்கு, குடியேறியவர்களோடு அமெரிக்கா போய்ப் பூசணிக்கு மாறியது. இரண்டிலும் குடைவதுதான் முதல் வேலை. இங்கும் ஒற்று மிகக் கூடாது, மிகுந்தால் குடை வடிவப் பூசணி ஆகிவிடும். மேல்தோலை மட்டும் சீவி, துளை விழாமல் உருவம் கொண்டுவருவது மூன்றாவது முறை. அதற்குத்தான் செதுக்குபூசணி சரியாகப் பொருந்தும். அதனாலேயே குடைந்ததைச் செதுக்கியது என்று எழுத வேண்டாம் என்கிறேன்.

இணைய அகராதியான விக்சனரியில் ஏற்றும் வரையறையாக இதை வைக்கலாமா? "வரைபூசணி: தோலை வெட்டாமலும் குடையாமலும், மேற்பரப்பில் வண்ணத்தால் உருவமோ முகமோ வரைந்து அலங்காரத்துக்கு வைக்கும் முழுப் பூசணி." இருட்டில் மின்னும் வண்ணத்துக்கு 'ஒளிர்வண்ணம்' போதுமா, அல்லது வெளிச்சத்தை வாங்கி வைத்துப் பிறகு மின்னும் வகைக்குத் தனிச்சொல் வேண்டுமா? இயற்பியல் படித்தவர்கள் சொல்லுங்கள்.

அன்புடன்.