டீ வரியைக் குறைக்கச் சொன்ன டீ வியாபாரி

வைகைக்கரை: ட்வைனிங்ஸ் டீ குடும்பத்தைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். 1706-ல் தாமஸ் ட்வைனிங் லண்டனில் ஒரு காபிக் கடையை வாங்கி ஆரம்பித்த தொழில். அவருடைய பேரன் ரிச்சர்ட், டீ வரியைக் குறைக்கச் சொல்லி அரசாங்கத்திடம் வாதாடினாராம். அதில் வியாபாரிக்கு என்ன ஆதாயம்?

தூள்கடை: நான் தேயிலைத்தூள் மொத்த வியாபாரி, அப்பா காலத்துக் கடை. ரிச்சர்டின் வயிற்றெரிச்சல் எனக்கு நன்றாகவே புரிகிறது. அன்றைக்கு வரி 119 சதவீதம்! அதைக் கட்டி விற்கிறவர் ஒரு பக்கம், இரவோடு இரவாகப் படகில் இறக்கி வரியே இல்லாமல் விற்கிறவன் மறு பக்கம். கணக்குக் காட்டுகிற கடை எப்படித் தாக்குப்பிடிக்கும்?

கலப்படம் வேறு. 'ஸ்மவுச்' என்று ஒரு சரக்கு. ஆஷ் மரத்து இலையை வெயிலில் காயவைத்து, சுட்டு, தரையில் போட்டு மிதித்து, சலித்து, ஆட்டுப் புழுக்கையோடு அன்னபேதி என்கிற இரும்பு உப்பில் ஊறவைத்துக் காயப்போடுவார்கள். ரிச்சர்டே இதை எழுதி வைத்திருக்கிறார். அதைக் குடித்தவர்களை நினைத்தால் இன்றைக்கும் மனசு ஆறவில்லை.

லண்டன் டீ வியாபாரிகளுக்குத் தலைவராக இருந்த அவர், பிரதமர் வில்லியம் பிட்டுக்கு யோசனை சொன்னார். 1784-ல் வரி 12.5 சதவீதமாக இறங்கியது. கஜானாவில் விழுந்த துண்டுக்கு வீட்டு ஜன்னல் வரியைக் கூட்டினார்கள். அடுத்த வருடமே சட்டப்படி விற்ற டீ இரண்டு மடங்குக்கு மேல் போனது. கடத்தலுக்கு அப்புறம் என்ன லாபம்?

செண்பகம்: அண்ணா, அவர் அம்மா மேரியை விட்டுவிட்டீர்களே! 1762-ல் கணவர் டேனியல் இறந்தபோது ரிச்சர்ட் சின்னப் பையன். டேனியலின் மூத்த தாரத்து மகன் தாமஸுக்கு (தாத்தா பெயர்தான்) படிப்பில்தான் நாட்டம். பாதிரியாராகி, அரிஸ்டாட்டிலின் கவிதையியலை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். கடையைக் காப்பாற்றியது மேரிதான். அந்த வரியையும் கடத்தல்காரர்களையும் முதலில் சமாளித்தது அந்த அம்மா.

தூள்கடை: சரிதான் தங்கச்சி, அவரைச் சொல்லாமல் இந்தக் கதையே இல்லை.

வைகைக்கரை: நன்றி. லண்டன் போனால் பார்க்க ஏதாவது மிச்சம் இருக்கிறதா?

தூள்கடை: ஸ்ட்ராண்ட் தெரு, 216-ஆம் எண், ட்வைனிங்ஸ் கடை. ரிச்சர்ட் 1787-ல் வைத்த வாசலைப் பாருங்கள்: மேலே தங்கச் சிங்கம், இரு பக்கமும் சீன வணிகர் சிலைகள். நிறுவனம் 1964-ல் கைமாறிவிட்டது. உள்ளே இடம் ஒடுக்கம்தான், கூட்டமில்லாத நேரமாகப் போங்கள்.