அவுட்போர்டு 15 எச்பி: ரிங் மட்டும் போதுமா, ரீபோர் பண்ணணுமா?

பாம்பன்_வள்ளம்:
யமாஹா எண்டியூரோ 15, வள்ளத்தின் பின்னால் மாட்டும் எஞ்சின், இரண்டு சிலிண்டர், டூ ஸ்ட்ரோக் பெட்ரோல். காலையில் கயிறு இழுத்தே தோள்பட்டை கழன்றுவிடுகிறது. கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் கட்டும் அழுத்தம், மேல் சிலிண்டரில் 110 பிஎஸ்ஐ, கீழ் சிலிண்டரில் 80. கச்சான் காற்றுக்கு வள்ளம் கரையில்தான் கிடக்கிறது என்பதால் பிளாக்கைப் பிரித்துவிட்டோம். கீழ் சிலிண்டரில் எக்ஸாஸ்ட் போர்ட் (புகை வெளியேறும் ஜன்னல்) பக்கம் நீளவாக்கில் கோடுகள் தெரிகின்றன. மெக்கானிக், சிலிண்டரைக் குடைந்து பெரிதாக்கும் ரீபோர் வேண்டாம், பிஸ்டன் ரிங் மாற்றினால் போதும் என்கிறார். எனக்கு அளந்து பார்த்துவிட்டுச் செலவு செய்ய ஆசை. கையில் இருப்பது வெர்னியரும், இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகளான ஃபீலர் கேஜும். புதிதில் போர் (சிலிண்டரின் உள் விட்டம்) 56 மி.மீ. என்று தெரியும், வெர்னியர் ஒருமுறை 56.04 காட்டுகிறது, மறுமுறை 56.10. எதை நம்புவது?

லேத்_தூத்துக்குடி:
இரண்டையும் நம்பாதீர்கள் தம்பி. வெர்னியர் தாடையின் முகம் தட்டை, சிலிண்டர் சுவர் வளைவு. அது முழுதாகப் படியவே படியாது. நமக்குத் தேவை நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர். உங்கள் வெர்னியரின் ஒரு கோடே 0.02.

உள் விட்டம் அளக்கும் போர் கேஜ் இல்லாதபோது ஒரு வழி உண்டு. புது ஸ்டாண்டர்ட் ரிங் ஒன்றைச் சிலிண்டரின் அடியில் (கிராங்க் பக்கம்), போர்ட்டுகளுக்கும் கீழே விடுங்கள். அங்கே ரிங் ஓடுவதில்லை, அதனால் தேய்மானம் கிடையாது. பிஸ்டன் தலையால் தள்ளினால் ரிங் கோணாமல் நேராக நிற்கும். ரிங்கின் இரு முனைகளுக்கும் நடுவே உள்ள வாய் இடைவெளியை ஃபீலரால் அளங்கள். அதே ரிங்கை மேலே (ஹெட் பக்கம்), ரிங் ஓட்டம் முடியும் இடத்துக்குக் கொண்டுபோய் மறுபடி அளங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை 3.14-ஆல் வகுத்தால், மேலே விட்டம் எவ்வளவு கூடியிருக்கிறது என்று வந்துவிடும்.

பிஸ்டனுக்கு மைக்ரோமீட்டர் இல்லாமல் முடியாது. 50–75 ரேஞ்ச் உள்ளதை இரவல் வாங்குங்கள். பிஸ்டனின் கீழ்ப்பகுதியான ஸ்கர்ட்டின் அடி விளிம்பிலிருந்து சுமார் 10 மி.மீ. மேலே, பிஸ்டன் பின் (கனெக்டிங் ராடோடு இணைக்கும் தண்டு) போகும் திசைக்குக் குறுக்காக அளக்க வேண்டும். பிஸ்டன் தலைப்பக்கம் சிறுத்துத்தான் வரும். அங்கே அளந்துவிட்டுத் தேய்ந்துபோச்சு என்று பயப்படாதீர்கள். இன்னொன்று, கடற்கரை வெயிலில் கிடந்த பிஸ்டனை அப்படியே எடுத்து அளக்கக் கூடாது. அலுமினியம் 15 டிகிரி கூடச் சூடாக இருந்தால் 56 மி.மீ. பிஸ்டன் 0.02 பெரிதாகத் தெரியும். பிளாக்கும் பிஸ்டனும் ராத்திரி முழுக்க ஒரே அறையில் கிடக்கட்டும், காலையில் அளங்கள்.

கடலோடி_ராஜா:
இவ்வளவு கணக்கு எதுக்குண்ணே? லேசா ஹோன் அடிச்சு (சிலிண்டர் சுவரை உரசி விட்டு) ரிங் போட்டா ஒரு சீசன் தாராளமா ஓடும். எங்க பக்கம் எல்லாரும் அதான் பண்றாங்க.

பாம்பன்_வள்ளம்:
அண்ணே, அளந்துவிட்டேன். கீழ் சிலிண்டர்: அடியில் 0.25, மேலே 0.45. வித்தியாசம் 0.20, வகுத்தால் 0.064 வருகிறது. யமாஹா மேனுவலில் டேப்பர் (மேலுக்கும் அடிக்கும் உள்ள விட்ட வித்தியாசம்) எல்லை 0.08 என்றுதான் போட்டிருக்கிறது. அப்போ ராஜா சொல்வது சரிதானே? பிஸ்டன் 55.91.

லேத்_தூத்துக்குடி:
அவசரப்படாதீர்கள். ரிங் முறை சுற்றளவைத்தான் அளக்கிறது, அதாவது சராசரி விட்டத்தை. சிலிண்டர் ஒரு பக்கமாக நீண்டிருந்தால் அது ரிங்குக்குத் தெரியாது. எக்ஸாஸ்ட் பக்கம் கோடு விழுந்திருக்கிறது என்று நீங்களே சொல்கிறீர்கள், எனக்கு அங்கேதான் சந்தேகம். எந்த லேத் பட்டறையிலும் போர் டயல் கேஜ் இருக்கும். மேல், நடு, அடி என்று மூன்று ஆழம். ஒவ்வொன்றிலும் கிராங்க் தண்டு போகும் திசைக்கு நேராக ஒன்று, குறுக்காக ஒன்று. அவுட்போர்டில் கிராங்க் நிமிர்ந்து நிற்பதால், குறுக்கு என்பது படகில் மாட்டியிருக்கும்போது இடம்–வலம். கேஜ் முனை போர்ட் ஜன்னலில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பாம்பன்_வள்ளம்:
பட்டறையில் அளந்தாச்சு. முதலில் நேர், அப்புறம் குறுக்கு.
கீழ் சிலிண்டர்: மேல் 56.06 / 56.12, நடு 56.05 / 56.07, அடி 56.02 / 56.03.
மேல் சிலிண்டர்: மேல் 56.04 / 56.05, நடு 56.03 / 56.03, அடி 56.01 / 56.02.

லேத்_தூத்துக்குடி:
பார்த்தீர்களா, குறுக்கே டேப்பர் 0.09. மேலே நீள்வட்டம் (நேருக்கும் குறுக்குக்கும் உள்ள வித்தியாசம்) 0.06, அதற்கு எல்லை 0.05. இரண்டுமே தாண்டிவிட்டது. பிஸ்டனுக்கும் சுவருக்கும் நடுவே 0.21 இடைவெளி வேறு. இதில் புது ரிங் போட்டால் அது ஒவ்வொரு சுற்றிலும் விரிந்து சுருங்கி, சீக்கிரமே பழைய நிலைக்கு வந்துவிடும். ராஜா சொல்கிற வைத்தியம் உங்கள் மேல் சிலிண்டருக்குப் பொருந்தும், கீழுக்குப் பொருந்தாது.

0.25 ஓவர்சைஸ், அதாவது கால் மில்லிமீட்டர் பெரிய பிஸ்டன், தாராளமாகப் போதும். ஆனால் பிஸ்டனை முதலில் வாங்குங்கள், அப்புறம் ரீபோர். டப்பாவில் எழுதியிருப்பதை வைத்துக் குடையக் கூடாது. பிஸ்டனையே அளந்து, அதோடு மேனுவல் சொல்லும் இடைவெளியைக் கூட்டிக் குடைய வேண்டும். ரீபோர் முடிந்ததும் போர்ட் ஓரங்களைத் தேய்த்து மழுக்கச் சொல்லுங்கள். பல பேர் இதை விட்டுவிடுவார்கள், கூர் விளிம்பில் ரிங் மாட்டி ஒடிந்துபோகும்.

பாம்பன்_வள்ளம்:
ஒரு சிலிண்டர் மட்டும் ஓவர்சைஸ் போடலாமா? கையில் காசு கொஞ்சம் இறுக்கம்.

லேத்_தூத்துக்குடி:
போடலாம். கால் மில்லிமீட்டரில் பிஸ்டன் எடை பெரிதாக மாறிவிடாது. இரண்டையும் சேர்த்துப் பண்ணினால்தான் ஆச்சு என்று சிலர் அடம்பிடிப்பார்கள். மேல் சிலிண்டர் அளவு இவ்வளவு நன்றாக இருக்கும்போது நான் அதைத் தொடமாட்டேன்.

மிச்சமாகும் காசில் கிராங்க் சீல்களை வாங்குங்கள். கீழ் சிலிண்டர் மட்டும் இப்படித் தின்றிருக்கிறது என்றால் முதல் சந்தேகம் கீழ் சீல் மேல்தான். அது விட்டால் டிரைவ் ஷாஃப்ட் பக்கமிருந்து ஈரமும் புகையும் கிராங்க்கேஸுக்குள் ஏறி ஆயில் படலத்தைக் கழுவிவிடும். குளிர்விக்கும் தண்ணீர் ஓடும் வாட்டர் ஜாக்கெட்டில் உப்பு அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். மாட்டும்போது பிஸ்டன் தலையில் 'அப்' என்று இருக்கும் குறி ஃப்ளைவீல் பக்கம் பார்க்க வேண்டும், ரிங் வாய், ரிங் பள்ளத்தில் இருக்கும் சிறு பின் மேல் உட்கார வேண்டும்.

பாம்பன்_வள்ளம்:
சரிண்ணே. கீழ் சீலைக் கழற்றிப் பார்த்தேன், உதடு ஒரு பக்கம் கிழிந்திருக்கிறது. பிஸ்டனோடு சீல் செட்டும் சொல்லிவிட்டேன்.