மில்க்வீட்: நியூ ஜெர்சி களிமண்ணுக்கு எந்த வகை சரி?

செந்தாமரை:
எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் இருப்பது எடிசன் பக்கம். பின்வேலி ஓரமாகப் பத்தடிக்கு நாலடி இடம் காலியாகக் கிடக்கிறது. நல்ல வெயில் விழும். ஆனால் களிமண், மழை பெய்தால் தண்ணீர் வடிய நேரமாகும். பள்ளியில் மோனார்க் பட்டாம்பூச்சியின் புழு வளர்த்துப் பார்த்ததிலிருந்து, அது தின்னும் மில்க்வீட் செடியை மகள் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். கோடையில் நர்சரியில் சிவப்பும் மஞ்சளுமாகப் பூத்த செடியைக் காட்டி இதுதான் என்றார்கள். அதை வாங்கலாமா? விதை என்றால் எப்போது போடுவது? பக்கத்திலேயே கத்தரி போடுகிறேன், புழு அதில் ஏறுமா? வீட்டில் நாலு வயதுப் பையன் வேறு இருக்கிறான்.

வேலியோரம்:
சகோதரி, அந்தச் சிவப்பு மஞ்சள் செடியை விட்டுவிடுங்கள். அது வெப்ப நாட்டு மில்க்வீட், நம் பக்கத்துக் குளிரில் செத்துப்போகும். உறைபனி அதிகம் விழாத புளோரிடா போன்ற இடங்களில் அதனால் வேறு கெடுதல். வருடம் முழுக்கப் பச்சையாக நிற்பதால் ஓ.ஈ. என்ற ஒட்டுண்ணியின் வித்துகள் இலையில் சேர்ந்துகொண்டே போகும். அதைத் தின்று வளரும் மோனார்க் பலவற்றுக்குச் சிறகு சரியாக விரிவதில்லை.

உங்கள் மண்ணுக்கு ஸ்வாம்ப் மில்க்வீட்தான். ஈரம் அதற்குப் பிடிக்கும். இளஞ்சிவப்புப் பூ, நாலடி உயரம், வைத்த இடத்திலேயே கொத்தாக நிற்கும். காமன் மில்க்வீட் வேரோடி அடுத்த வீட்டுப் புல்வெளியில் போய் முளைக்கும். ஆரஞ்சுப் பூ பூக்கும் பட்டர்ஃபிளை வீட் அழகுதான், ஆனால் தண்ணீர் நின்றால் வேர் அழுகிவிடும்.

விதைக்கு இந்த நவம்பரே சரி. களை எடுத்த மண்ணில் தூவி, மெல்லியதாக மண் மூடிவிடுங்கள். குளிர்காலம் முழுக்க ஈரத்தில் கிடந்தால்தான் விதை உறக்கம் கலையும். ஏப்ரலில் ஒன்றும் தெரியவில்லை என்று கிளறிவிடாதீர்கள், மில்க்வீட் தாமதமாகத்தான் தலைகாட்டும். முதல் வருடம் பூ வராமல் போகலாம்.

கத்தரிக்குப் பயமே வேண்டாம். மோனார்க் புழுவுக்கு மில்க்வீட் இலைதான் சாப்பாடு. கத்தரிக்கு நீங்கள் அடிக்கும் மருந்துதான் ஆபத்து. இயற்கை மருந்து என்று விற்கும் பி.டி. என்ற பாக்டீரியா புழுக்கொல்லிகூட இந்தப் புழுவையும் கொன்றுவிடும். மஞ்சள் அசுவினி தண்டு முழுக்க அப்பும், அது வரத்தான் செய்யும். முதலில் இலையின் அடிப்பக்கம் பாருங்கள்: குண்டூசித் தலை அளவில், வெண்ணெய் நிறத்தில், மேலிருந்து கீழே கோடு போட்ட மோனார்க் முட்டை தனியாக ஒட்டியிருக்கும். அது இல்லாத தண்டில் மட்டும் தண்ணீரைப் பீய்ச்சுங்கள், போதும்.

பால் விஷயத்தில் மில்க்வீட் எருக்குக்குச் சொந்தம்தான். கண்ணில் பட்டால் கடுமையாக எரிந்து பார்வையே மங்கலாம். கையுறை போடாமல் தொடாதீர்கள், பையனை இலை கிள்ள விடாதீர்கள். மகளிடம் சொல்லுங்கள், பெரிய புழு இலையின் நடு நரம்பைக் கடித்துப் பால் வடிய விடும், இலை தொங்கிய பிறகுதான் தின்னும். பார்க்கப் பார்க்க அலுக்காது.

கருவேப்பிலை ஆஸ்டின்:
மில்க்வீட் மட்டும் வைத்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். செப்டம்பரில் தெற்கே கிளம்பும் மோனார்க்குகள் மெக்சிகோவின் மிச்சோவாக்கான் மலைக்காடுகள் வரை போக வேண்டும். அந்தப் பயணத்துக்குத் தேன்தான் பெட்ரோல். எங்கள் டெக்சஸ் வழியாக அவை அக்டோபரில் போகும்போது ஃப்ராஸ்ட்வீட் பூவில் மொய்க்கும். உங்கள் பக்கம் நியூ இங்கிலாந்து ஆஸ்டர், கோல்டன்ராட் இரண்டும் நன்றாக வரும்.

செந்தாமரை:
ரொம்ப நன்றி. அப்போ ஸ்வாம்ப் விதையும் ஆஸ்டரும். தேனீக்களும் வருமா? விதை கிடைக்காமல் நாற்றாக வாங்கினால் என்ன பார்க்க வேண்டும்?

வேலியோரம்:
வரும், அதுவும் பெரிய பம்பிள் தேனீக்கள். மில்க்வீட் மகரந்தம் தூளாக இருக்காது, இரண்டிரண்டு பையாகக் கோத்திருக்கும். பூவின் இடுக்கில் தேனீயின் கால் வழுக்கி மாட்டும், பலமாக இழுத்தால் பைகளும் கூடவே வந்துவிடும். சிறிய பூச்சிகள் சில மாட்டியபடியே செத்துப்போவதும் உண்டு, அதைப் பார்த்து மகள் வருத்தப்படலாம், முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

நாற்று வாங்கினால், நியோனிகோட்டினாய்டு என்ற பூச்சிமருந்து போட்டு வளர்த்ததா என்று கட்டாயம் கேளுங்கள். அது செடிக்குள்ளேயே ஊறி இலைக்கும் தேனுக்கும் போய்விடும். கடைக்காரருக்குப் பதில் தெரியவில்லை என்றால் அங்கே வாங்காதீர்கள்.