தஞ்சைச் சுவரில் சுந்தரர்: பெரியபுராணத்துக்கு வரைந்த படமா?

கல்தச்சன்:
சமய ஆய்வுக்கு நூல் போதும், படமெல்லாம் அட்டையை அழகாக்கத்தான் என்று நேற்று திருமுறைநேசன் எழுதியிருந்தார். தஞ்சைப் பெரிய கோயில் சுவரில் நாயன்மார் சுந்தரரின் கதையைச் சொல்லும் சோழர் ஓவியத்தையும் 'பெரியபுராணக் காட்சி' என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். கோயில் 1010இல் முடிந்தது. பெரியபுராணம் பாடிய சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டு. நூறு வருஷத்துக்கு மேல் முந்திய ஓவியம் எப்படி ஐயா அந்த நூலுக்குப் படமாகும்?

திருமுறைநேசன்:
கதை சேக்கிழாரோடு தொடங்கவில்லையே. கயிலைக்குப் போக யானை வந்ததைச் சுந்தரரே நொடித்தான்மலைப் பதிகத்தில் பாடிவிட்டார். பாட்டுதான் மூலம்.

கல்தச்சன்:
யானை சரி. குதிரை எங்கே? சுவரில் சுந்தரரின் நண்பரான சேர மன்னர் சேரமான் பெருமாள் குதிரையில் போகிறார். பதிகத்தில் குதிரையைக் காட்டுங்கள்.

திருமுறைநேசன்:
திருமுறைகளைத் தொகுத்த நம்பியாண்டார் நம்பி நாயன்மார்களைப் பாடிய திருத்தொண்டர் திருவந்தாதியில் குதிரை இருக்கிறது. படித்துவிட்டு வாருங்கள்.

கல்தச்சன்:
படித்ததால்தான் கேட்கிறேன். அது ஒற்றைப் பாட்டு. சுவரிலோ கல்யாண வீட்டில் சமையல் நடக்கிறது, சுந்தரர் தன் அடிமை என்று சொல்லிக் கல்யாணத்தைத் தடுக்கக் கிழவராக வந்த சிவன் கையில் ஓலையோடு நிற்கிறார், மேலே கயிலையில் ஆடலும் பாடலும். இந்தச் சமையலை ஓவியன் எந்த அந்தாதியிலிருந்து எடுத்தான்? மக்கள் வாயில் இருந்த கதை அது. ஓவியம் இல்லாவிட்டால் 11ஆம் நூற்றாண்டில் அது எப்படி உலவியது என்று நமக்குத் தெரிந்தே இருக்காது.

வழிப்போக்கன்:
ஓவியம் இருப்பது கருவறையைச் சுற்றிய இருட்டுப் பாதையில். அதற்குள் பொதுவாக யாரையும் விடுவதில்லை. இங்கே எத்தனை பேர் நேரில் பார்த்தீர்கள்?

நாயக்கர்நேயன்:
1931இல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டுபிடிக்கும்வரை இந்தச் சோழர் ஓவியம் நாயக்கர் ஓவியத்துக்கு அடியில்தான் கிடந்தது. பிறகு மேல் அடுக்கைப் பெயர்த்தார்கள். நாயக்கர் காலத்து பக்தி ஆய்வுக்கு அது உதவாதா? அதைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை.

கல்தச்சன்:
பெயர்த்ததைப் பலகையில் ஒட்டிப் பாதுகாத்தார்கள், தூக்கி எறியவில்லை. அதற்குத் தனி இழை தொடங்குங்கள். குதிரைக்கு வாருங்கள்.

திருமுறைநேசன்:
வருகிறேன். தாராசுரம் சோழர் கோயிலில் நாயன்மார் சிற்பங்களோடு பெயரும் வெட்டியிருக்கிறது. தஞ்சைச் சுவரில் அப்படி என்ன எழுதியிருக்கிறது? குதிரையில் போகிறவர் சேரமான் என்று உங்களுக்கு யார் சொன்னது? பெரியபுராணம்! அந்த நூலை மூடிவிட்டுப் பார்த்தால் அவர் யாரோ ஒரு குதிரைக்காரர்.

கல்தச்சன்:
அடையாளம் காண நூல் வேண்டும் என்பதை யார் மறுத்தார்கள்? இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படி என்பதுதான் என் வாதமே. நீங்கள் படத்தை அட்டைக்கு அனுப்பினீர்கள். போன மாதம் நடராஜர் செப்புத்திருமேனி பற்றிப் பேசியபோதும் இதையேதான் செய்தீர்கள்.

திருமுறைநேசன்:
பழைய கணக்கெல்லாம் வேண்டாம். நம்பி ராஜராஜன் காலத்தவர். அந்தாதியைக் கேட்டுத்தான் ஓவியன் வரைந்தான்.

கல்தச்சன்:
நம்பியை ராஜராஜனோடு சேர்ப்பது, திருமுறைகள் கிடைத்த கதையைச் சொல்லும் திருமுறைகண்ட புராணம். அதை 14ஆம் நூற்றாண்டு உமாபதி சிவம் பெயரில் சொல்கிறார்கள். முந்நூறு வருஷம் கழித்து வந்த நூல் சாட்சி, அதே காலத்துச் சுவர் அலங்காரமா? குதிரைக்கு இன்னும் பதில் வரவில்லை.

திருமுறைநேசன்:
பதில் சொல்லியாகிவிட்டது. அந்தாதி.