ஏலத்தில் பார்த்த பழைய வெள்ளி, பழைய மரச்சாமான்: உங்கள் அனுபவம் என்ன?

மிட்லண்ட்ஸ்வாசி:

சாமி வெள்ளி, அதாவது வெள்ளைக்காரர் காலத்தில் மதராஸில் சாமி உருவங்களைத் தட்டி எழுப்பிச் செய்த வெள்ளிச் சாமான், இங்கே பலருக்கும் தெரிந்திருக்கும், நேரே விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் இங்கிலாந்தில் எங்கள் ஊர்ப்பக்கம் ஒரு ஏலம். காலையில் வெள்ளி, மதியம் மரச்சாமான். கேட்டலாக்கில் ஒற்றை வரி: "இந்திய வெள்ளை உலோக டீபாட், தெய்வ உருவங்கள், சுமார் 1880, 20 அவுன்ஸ், தந்த வளையங்கள் பதிவு செய்யப்பட்டவை." பார்வை நாளில் கையில் எடுத்துப் பார்த்தேன். உடம்பைச் சுற்றித் தோரண வளைவுகள், வளைவுக்கு ஒரு சாமி. மயில்மேல் முருகன், அடுத்து குழலோடு கிருஷ்ணன், அப்புறம் பிள்ளையார். தட்டி எழுப்பிய வேலை எல்லாம் கூர்மையாக இருக்க, பிள்ளையாரின் வயிறு மட்டும் வழவழவென்று தேய்ந்திருந்தது. வயிறுதான் எல்லாவற்றையும்விட வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறது, பாலிஷ் துணி முதலில் படுவதும் அங்கேதான். அடியில் மதராஸ் மவுண்ட் ரோடு பி.ஓர் அண்டு சன்ஸ் கம்பெனி முத்திரை, மங்கலாக.

ஏலத்தில் என் எல்லை சீக்கிரமே தாண்டிப் போய்விட்டது. இரண்டாம் வரிசையில், காலையிலிருந்து ஸ்பூன் ஃபோர்க் லாட்டுகளாக அள்ளிக்கொண்டிருந்த ஒருவருக்குப் போனது. போகட்டும், அது ஏலம். ஆனால் பணம் கட்டும் கவுண்டரில் எனக்கு முன்னால் அவர்தான் நின்றார். சட்டைப்பையிலிருந்து குட்டிக் குறடு ஒன்றை எடுத்தார். கைப்பிடி மூட்டில் இருந்த ஊசியைப் பிடித்து இழுத்தார். கைப்பிடி கழன்றது. கைப்பிடிக்கும் உடம்புக்கும் நடுவே சூடு ஏறாமல் இருக்க வைத்திருந்த இரண்டு வெள்ளை வளையங்களும் மேஜையில் உருண்டன. ஒன்றை அங்கிருந்த பெண் பிடித்துக் கொடுத்தார். வளையங்களை ஒரு கவரில் போட்டார், டீபாட்டை ஃபோர்க்குகள் கிடந்த பிளாஸ்டிக் பெட்டியில் போட்டார். போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. "உருக்கத்தானா?" என்று கேட்டேன். "நல்ல கனம்" என்றார். அவ்வளவுதான் பதில்.

உங்களுக்கு இப்படி எதுவும் நடந்திருக்கிறதா?

தேக்குப்பித்து:

என் கதை மரச்சாமான். சென்னையில் ஞாயிற்றுக்கிழமை ஏலம் ஒன்று. எஸ்டேட் துரைமார் சாய்நாற்காலி வந்திருந்தது, பிரம்பு பின்னியது, கைக்கு அடியிலிருந்து இன்னொரு நீளக் கை சுழன்று வெளியே வருமே, கால் தூக்கிப் போட, அது. ஏலம் சுரத்தில்லாமல் போய்க்கொண்டிருந்தது. சினிமா செட்டுக்குச் சாமான் வாடகைக்கு விடுகிறவர் ஒருவர் எழுந்து போய் அதில் சாய்ந்து, இரண்டு கையையும் சுழற்றி, இரண்டு காலையும் தூக்கிப் போட்டு, "ஏய், யாரங்கே!" என்றார். கூடமே சிரித்தது. அதற்கப்புறம் விலை ஏறியது பாருங்கள், அவரே அவர் விலையை ஏற்றிக்கொண்ட மாதிரி ஆகிவிட்டது. கடைசியில் அவர்தான் எடுத்தார்.

நான் போய்ச் சொன்னேன்: வலது கை ஈட்டி மரம், இடது கை தேக்குக்குச் சாயம் ஏற்றியது, பின்னால் மாற்றியிருக்கிறார்கள் என்று. நகத்தால் சுரண்டியும் காட்டினேன். "கேமராவுக்குத் தெரியாது சார்" என்றார். அதன்பிறகு எந்தப் பழைய படத்தில் சாய்நாற்காலி வந்தாலும் இடது கையைத்தான் பார்க்கிறேன்.

முத்திரைப்பிரியன்:

மிட்லண்ட்ஸ்வாசி, "வெள்ளை உலோகம்" என்று போட்டதற்காக ஏலக்காரரைக் குறை சொல்ல வேண்டாம். பிரிட்டனின் 1973 ஹால்மார்க் சட்டப்படி 7.78 கிராமுக்கு மேல் எடையுள்ள எதையும், முத்திரை இல்லாமல் "வெள்ளி" என்று சொல்லி வியாபாரம் செய்யக் கூடாது. 1950க்கு முந்தைய பொருளுக்கு விலக்கு உண்டு, ஆனால் தரம் குறைந்தபட்ச அளவில் இருக்கிறது என்று தெரிய வேண்டும். மதராஸில் அந்தக் காலத்தில் அரசாங்க ஹால்மார்க் கிடையாது, கம்பெனி முத்திரை மட்டும்தான். ஆகவே பல ஏலக்காரர்கள் பாதுகாப்பாக "வெள்ளை உலோகம்" என்று எழுதிவிடுவார்கள். ஏமாற்று வேலை இல்லை.

என் அனுபவம் சின்னது. பார்வை நாளில் ஒரு காபிப் பாத்திரம், அடியில் இரண்டாம் ஜார்ஜ் காலத்து லண்டன் முத்திரைகள், எல்லாம் கச்சிதம். பக்கத்தில் நின்ற முதியவர் ஒரு வார்த்தையும் பேசாமல் அதை வாங்கித் திருப்பி, அடியில் வாயை வைத்து "ஹா" என்று ஊதினார். ஆவி படிந்த அந்த ஒரு வினாடி, முத்திரைகளைச் சுற்றி வட்டமாக ஒரு கோடு தெரிந்தது. ஆவி போனதும் கோடும் போய்விட்டது. பாத்திரத்தை என் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டு அவர் பாட்டுக்குப் போய்விட்டார்.

புதிதாக வருகிறவர்களுக்காகச் சொல்கிறேன். 1720 முதல் 1758 வரை இங்கிலாந்தில் வெள்ளிச் சாமானுக்கு அவுன்ஸுக்கு ஆறு பென்ஸ் வரி. அதைத் தப்பிக்க, சின்னச் சாமான் ஒன்றுக்கு முத்திரை வாங்கி, அந்தத் துண்டை வெட்டிப் பெரிய சாமானில் பற்றவைத்துவிடுவார்கள். பற்றவைத்த இடம் மூச்சு பட்டால் காட்டிக்கொடுக்கும். அப்புறம், நடக்கும் சிங்கம் இருந்தால் ஸ்டெர்லிங், அதாவது ஆயிரத்துக்கு 925 வெள்ளி. சிறுத்தைத் தலை லண்டன், நங்கூரம் பர்மிங்ஹாம், பழைய ஷெஃபீல்டுக்குக் கிரீடம். ராஜா ராணி தலை இருந்தால் பெரும்பாலும் 1784க்கும் 1890க்கும் நடுவில். முத்திரை போட்ட வருஷத்தைக் காட்டும் ஆண்டெழுத்தை எழுத்தின் வடிவத்தோடும் கேடய வடிவத்தோடும் சேர்த்துப் பார்க்க வேண்டும், எழுத்தை மட்டும் பார்த்தால் நூறு வருஷம் தள்ளிப் போய்விடும். விளிம்பில் செம்பு சிவப்பாக எட்டிப் பார்த்தால் அது பழைய ஷெஃபீல்டு பிளேட்டாக இருக்கலாம், அதாவது செம்பின்மேல் வெள்ளித் தகடு ஒட்டிய சாமான். 1840களில் எல்கிங்டன் கம்பெனியின் மின்முலாம் வந்ததும் அந்தத் தொழில் படுத்துவிட்டது. மெழுகுவர்த்தித் தண்டுகளில் எடை பார்க்கவே பார்க்காதீர்கள், அடியில் அரக்கோ சுண்ணமோ அடைத்திருப்பார்கள். கத்திப் பிடியும் அப்படித்தான்.

மிட்லண்ட்ஸ்வாசி:

முத்திரைப்பிரியன், நான் ஏலக்காரரைக் குறை சொல்லவே இல்லையே! கேட்டலாக்கில் இருந்ததை அப்படியே எழுதினேன். என் பிரச்சினை குறடு.

முதிரைமேசை:

நான் லண்டன், சொந்த இடம் யாழ்ப்பாணம். உங்கட டீபாட்டுக்காவது மதராஸ் என்று முத்திரை இருந்தது. எங்கட பக்கத்துக் கதிரைகளுக்கு அதுவும் இல்லை.

ஒரு ஏலத்தில் கருங்காலிக் கதிரை ஒன்று. முறுக்கிக் கடைந்த தண்டுகள், முதுகுப் பலகை முழுக்கக் கொடியும் பூவும், நடுவில் இரண்டு கிளிகள். இருக்கையைத் தூக்கிப் பார்த்தேன், சட்டம் எல்லாம் ஒரே மரம், இரும்புப் பாரம். எழுதியிருந்தது: "டியூடர் பாணி, விக்டோரியா காலம்." டியூடர் என்றால் 16ஆம் நூற்றாண்டு இங்கிலாந்து ராஜ பரம்பரை. அங்கு நின்ற பொடியனிடம், "தம்பி, இது சோழமண்டலக் கரையோ இலங்கையோ, 17ஆம் நூற்றாண்டாகக்கூட இருக்கலாம், இங்கத்தைய சாமான் இல்லை" என்றேன். அவன் மரியாதையாகத் தலையாட்டினான். மாற்றவில்லை. ஏலம் விடேக்கையும் டியூடர் என்றுதான் வாசித்தார்கள்.

இது புதுப் பிழை இல்லை. ஹொரஸ் வால்போல் என்ற ஆங்கில எழுத்தாளர், 18ஆம் நூற்றாண்டில், இதே மாதிரிக் கருங்காலிக் கதிரைகளை டியூடர் காலத்தவை என்று நம்பி ஏலத்தில் எடுத்து, ஸ்ட்ராபெரி ஹில் என்ற தன் வீட்டில் போட்டார். அவர் சொன்னதைக் கேட்டு இங்கிலாந்து முழுக்கப் பெரிய வீட்டுக்காரர் எல்லாரும் தேடித்தேடி வாங்கினார்கள். எல்லாம் டச்சு, ஆங்கிலக் கம்பெனிகளுக்காக எங்கட கரையோரத் தச்சர்கள் செதுக்கியது. பிழையைத் திருத்தி எத்தனையோ காலம். ஆனால் சின்ன ஏலக்கூடங்களில் வால்போல் இன்னும் உயிரோடுதான் இருக்கிறார்.

கிடங்குக்காரன்:

ஏலக்கூடத்தில் சாமான் தூக்கும் வேலை பார்த்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். மிட்லண்ட்ஸ்வாசி பார்த்த ஆள் உருக்குகிறவர் என்று எப்படித் தெரியும்? குறடு வைத்திருந்தார் என்பதாலா? 2022 ஜூனில், தந்த வியாபாரத்தைத் தடுக்கும் பிரிட்டனின் தந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகு குறடு இல்லாத வெள்ளி வியாபாரியை நான் பார்த்ததில்லை. 1947 மார்ச்சுக்கு முந்தைய பொருள், தந்தம் பத்து சதவீதத்துக்குக் கீழே என்றால் 20 பவுண்டு கட்டிப் பதிந்து விற்கலாம். ஆனால் அந்தப் பதிவு விற்றவருடையது. வாங்கினவர் திரும்ப விற்க வேண்டுமானால் அவர் பங்குக்குப் புதிதாகப் பதிய வேண்டும். வெளிநாட்டுக்கு அனுப்புவதென்றால் அதற்கு வேறு அனுமதி. அதற்குப் பயந்து வளையத்தைக் கழற்றி, பிசினில் செய்த வளையத்தை மாட்டிவிடுவார்கள். அந்த டீபாட் இந்நேரம் பளபளவென்று ஏதாவது கடைக் கண்ணாடிக்குள் இருக்கும்.

மிட்லண்ட்ஸ்வாசி:

அப்படியென்றால் ஏன் ஃபோர்க் பெட்டிக்குள் வீசினார்? திரும்ப விற்கப் போகிறவர் துணி சுற்ற மாட்டாரா?

கிடங்குக்காரன்:

வியாபாரிகள் துணி சுற்றுவார்கள் என்று நினைப்பதிலிருந்தே நீங்கள் சேகரிப்பவர் என்று தெரிகிறது. உருக்குவது இல்லை என்று சொல்லவில்லை. வெள்ளி விலை எகிறும்போதெல்லாம் நடக்கிறதுதான். 1980 ஜனவரியில் அவுன்ஸ் 50 டாலரை நெருங்கியபோது எத்தனை ஜார்ஜ் காலத்துச் சாமான் உலைக்குப் போனது என்று பழைய ஆட்களைக் கேட்டுப் பாருங்கள். ஆனால் சாமி வேலைக்கு எடை விலைக்கு மேல் கொடுக்க ஆள் இருக்கும்போது யாரும் அதை உலையில் போட மாட்டார்கள். கணக்கு உதைக்கிறது.

காரைக்குடிப்பேரன்:

வெள்ளைக்காரர் குறடு எடுத்ததற்கு இவ்வளவு வருத்தமா! நம் வீட்டில் நடப்பதைப் பாருங்கள். ஆயாவின் பன்னீர்ச்செம்பும் சந்தனக் கிண்ணமும், ஐயா வீட்டு விலாசம், அதாவது குடும்ப முதலெழுத்து, வெட்டியது. பேத்தி கல்யாணத்துக்குப் புது டிசைனில் எடுக்க வேண்டும் என்று பெரியம்மா நகைக்கடைக்குக் கொண்டுபோனார்கள், நான் கூடப் போயிருந்தேன். கடைக்காரர் உள்ளே அரக்கு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றார். சரி என்றார்கள். பன்னீர்ச்செம்பின் கழுத்தைப் படுக்க வைத்து ஒரே போடு. அது சப்பையாகி, வெட்டியிருந்த எழுத்தில் பாதி மடிப்புக்குள் போய்விட்டது. அரக்கு இல்லை. "சுத்த வெள்ளி ஆச்சி" என்று சந்தோஷமாகச் சொன்னார். பெரியம்மாவும் சந்தோஷமாகத்தான் இருந்தார்கள். செய்கூலி, சேதாரம் என்று போட்டு வந்த புதுச் செம்பு பழையதைவிட லேசு.

இன்னொன்று, யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். இங்கே காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் வாங்கி லண்டன், சிங்கப்பூர் கொண்டுபோகலாம் என்று நினைப்பவர்கள் 1972 தொல்பொருள் சட்டத்தைப் படியுங்கள். நூறு வருஷத்துக்கு மேற்பட்ட கலைப்பொருள், வேலைப்பாட்டுச் சாமான் எல்லாம் தொல்பொருள் கணக்கில் வரும், தனியார் வெளிநாட்டுக்கு எடுத்துப்போக முடியாது. வயது குறைவு என்றால் தொல்லியல் துறையிடம் "இது தொல்பொருள் அல்ல" என்று சான்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், ஏர்போர்ட்டில் கேட்பார்கள். "பழசுதான் சார், பயப்படாதீங்க" என்று கடைக்காரர் வாங்கும்போது சொல்வார். "புதுசுதான் சார், பயப்படாதீங்க" என்று பில் போடும்போது சொல்வார். இரண்டில் எது உண்மை என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

மூணாம்மாடி:

நான் வெள்ளி வாங்கும் அளவுக்கு வசதி இல்லாதவன். மஹாகனி. விக்டோரியா காலத்துச் செஸ்ட், கீழே மூன்று நீள டிராயர், மேலே இரண்டு குட்டை. ஏலக்காரர் நூறில் ஆரம்பித்தார், கூடம் அமைதி. எண்பது, அறுபது, "யாராவது நாற்பது?" என்று கெஞ்சினார். எனக்கு முன்னால் ஒரு தாத்தா, "என் அப்பா இதே மாதிரி ஒன்றுக்கு ஒரு வருஷச் சம்பளம் கொடுத்தார்" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் கையைத் தூக்கினேன். சுத்தியல் விழுந்தது 40 பவுண்டில். அதற்கு 25 சதவீதம் பிரீமியம், அதாவது ஏலக்கூடத்தின் கட்டணம், 10, பிரீமியத்துக்கு வாட் வரி 2, ஆக 52. வேன்காரர் கேட்டது 140.

தேக்குப்பித்து:

வாங்கியது வாங்கியாயிற்று, இருந்தாலும் சரிபாருங்கள். டிராயரை முழுக்க வெளியே இழுங்கள். மூலையில் டவ்டெயில் மூட்டு, புறாவால் மாதிரி வெட்டிக் கோத்தது, ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சம் வித்தியாசமாக இருந்தால் கை வேலை, எல்லாம் அச்சடித்த மாதிரி ஒரே அளவு என்றால் மெஷின். கைப்பிடிக்கு உள்பக்கம் அடைத்த பழைய துளைகள் இருந்தால் கைப்பிடி மாறியிருக்கிறது. வெளியிலும் அதே துளை இருக்கிறதா பாருங்கள். உள்ளே துளை இருந்து வெளியே இல்லாவிட்டால் மேலே ஒட்டிய வினீரே, அதாவது மெல்லிய மரத்தகடே, புதிது. வினீர் விளிம்பைப் பாருங்கள், கையால் அறுத்தது தடிமனாக இருக்கும், மெஷின் வினீர் காகிதம்போல. எல்லா டிராயரிலும் மூட்டு ஒரே கையின் வேலையா? இல்லையென்றால் மேல்பாதி ஒரு செஸ்ட், கீழ்ப்பாதி இன்னொரு செஸ்ட், நடுவில் கல்யாணம் பண்ணி வைத்திருக்கிறார்கள். பின்பலகையும் டிராயர் அடிப்பலகையும் ஒரே அளவுக்குக் கறுத்திருக்க வேண்டும். திருகாணியின் வெட்டு நடுவிலிருந்து விலகியிருந்தால் நல்லது, பழையது. பக்கப் பலகையில் வெடிப்பு இருந்தால் பயப்படாதீர்கள், மரம் குறுக்குவாட்டில் சுருங்கும், வெடிப்பே இல்லாத 170 வருஷப் பலகையைப் பார்த்தால்தான் சந்தேகப்பட வேண்டும். ரேடியேட்டர் பக்கத்தில் மட்டும் வைக்காதீர்கள்.

மூணாம்மாடி:

எல்லாம் பார்த்துவிட்டேன் அண்ணே. கை வேலைதான், அடைத்த துளை இல்லை, கல்யாணமும் இல்லை. ஒரே பிரச்சினை, என் வீட்டு மாடிப்படி வளைவில் அது திரும்பவில்லை. இப்போது கீழே சைக்கிள் நிறுத்துமிடத்தில் போர்வை போர்த்தி வைத்திருக்கிறேன், கட்டடக்காரர் வெள்ளிக்கிழமைக்குள் எடுக்கச் சொல்லிவிட்டார். ஈஸ்ட் ஹாம் பக்கம் யாருக்காவது வேண்டுமா? 52 கொடுத்தால் போதும், வேன் உங்களுடையது.