‘வலையில் சூரியன்’ திரையிடல்: சப்டைட்டில் பின்தங்குகிறது, கொம்பு இடம் மாறுகிறது

தேக்கா ரசிகன்:
வணக்கம். ஸ்லோவாக் இயக்குநர் ஷ்டெஃபான் உஹெரின் ‘வலையில் சூரியன்’ (1962) படத்தைச் சிங்கப்பூரில் ஒரு சமூக மன்ற அறையில் தமிழ் சப்டைட்டிலோடு போட இருக்கிறோம். கையில் இருப்பது பிரிட்டன் டிவிடி. சப்டைட்டில் தொடக்கத்தில் சரியாக இருந்து, போகப் போகப் பிந்துகிறது. டிவியில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கிறது. நாயகன் ஃபயோலோ வாய்விட்டுப் பேசுவதையும் மனத்துக்குள் பேசுவதையும் எப்படிப் பிரித்துக் காட்டுவது? பதின்ம வயதினரும் வருகிறார்கள். முன்கூட்டியே என்ன சொல்லலாம்?

பால் முறை:
படம் நொடிக்கு 24 ஃபிரேம், பிரிட்டன் டிவிடி 25 ஃபிரேம். 90 நிமிடம் ஓட வேண்டியது 86 நிமிடம் 24 நொடியில் முடிந்துவிடும். 24-க்குச் செய்த சப்டைட்டில் கடைசிக் காட்சியில் மூன்றரை நிமிடம் பிந்தி வரும். ‘சப்டைட்டில் எடிட்’ மென்பொருளில் ஃபிரேம் வேகத்தை 24-லிருந்து 25-க்கு மாற்றுங்கள். எல்லா நேரங்களும் 0.96-ஆல் பெருக்கப்படும். முதலில் இதைச் செய்யுங்கள். அதன் பிறகும் படம் முழுக்க ஒரே அளவு இடைவெளி இருந்தால் மட்டும் மொத்தமாக நகர்த்துங்கள். வேகத்தை மாற்றாமல் நகர்த்த மட்டும் செய்தால் முதல் காட்சி பொருந்தும், முடிவு பொருந்தாது.

கொம்பு விலகுவது டிவியின் குறை. அதிலுள்ள பிளேயருக்குத் தமிழ் எழுத்துகளைச் சேர்த்து வடிவமைக்கத் தெரியாது. கோப்பை யூடிஎஃப்-8 என்ற குறியாக்கத்தில் சேமித்து, நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவோடு ‘ஹேண்ட்பிரேக்’ மென்பொருளில் படத்தின் மேலேயே பதித்துவிடுங்கள். கட்டம் கட்டமாகத் தெரிந்தால் எழுத்துரு இல்லை. கிறுக்கலாக வந்தால் குறியாக்கம் தவறு.

டிவிடி மண்டலத்தையும் (எந்த நாட்டுப் பிளேயரில் ஓடும் என்ற எண்) பாருங்கள்: பிரிட்டன் 2, சிங்கப்பூர் 3. கணினி டிரைவில் மண்டலத்தை ஐந்து முறைதான் மாற்ற முடியும், வீணாக்காதீர்கள்.

கறுப்பு வெள்ளை:
மனக்குரலுக்குச் சாய்வெழுத்து வேண்டாம், தமிழில் அது கண்ணை உறுத்தும். ஒற்றை மேற்கோள்குறி போதும். அதைவிட முக்கியம் நிறம். ஸ்தனிஸ்லாவ் சோமோலான்யியின் ஒளிப்பதிவில் வானமும் ஆற்று மணலும் வெளுத்து எரியும்; வெள்ளை எழுத்து அங்கே காணாமல் போகும். வெளிர் மஞ்சளும் தடித்த கறுப்பு விளிம்பும் வையுங்கள். ஃபயோலோ எடுக்கும் கைகளின் புகைப்படங்கள் திரையில் வரும்போது வரியை மேலே ஏற்றிவிடுங்கள், அந்தக் கைகள்தான் படம். வசனத்தையும் சுருக்குங்கள். இல்யா ஸெல்யென்காவின் இசைக்கும் மௌனத்துக்கும் இடம் விடாத சப்டைட்டில் இந்தப் படத்தைக் கொன்றுவிடும்.

முன்னுரையாக இரண்டே செய்திகள் போதும். 1961 பிப்ரவரி 15 அன்று ஐரோப்பாவில் சூரிய கிரகணம்; படம் அதிலிருந்துதான் புறப்படுகிறது. அடுத்து, ஸ்லோவாக் கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர் கரோல் பசிலெக் தடுத்ததால் படம் முதலில் செக் தலைநகர் பிராகில்தான் வெளியானது. ஃபயோலோவின் காதலி பெலாவின் பார்வையற்ற தாயைக் கட்சியின் உருவகமாகவும் படித்தார்கள். ஆனால் அதைப் படம் முடிந்த பிறகு சொல்லுங்கள். முன்பே சொன்னால் பிள்ளைகள் அந்தத் தாயைப் பார்க்காமல் உருவகத்தையே தேடிக்கொண்டிருப்பார்கள்.

அறை எண் 4:
டிவிடி வாங்கியது வீட்டில் பார்க்க மட்டும். பொதுத் திரையிடலுக்கு உரிமையாளரின் எழுத்துப்பூர்வ அனுமதி தேவை. பிராட்டிஸ்லாவாவிலுள்ள ஸ்லோவாக் திரைப்பட நிறுவனத்திடம் கேளுங்கள். சிங்கப்பூரின் தகவல்தொடர்பு, ஊடக மேம்பாட்டு ஆணையத்தின் வயதுத் தரப்பிரிவையும் முடித்துவிட்டு விளம்பரம் செய்யுங்கள். பதின்ம வயதினர் வருவதால் அந்தத் தரம்தான் யார் உள்ளே வரலாம் என்பதைத் தீர்மானிக்கும்.

கனவுத்தன்மை கூடிய படம் வேண்டுமென்றால் அதே உஹெரின் ‘அற்புதக் கன்னி’ (1966) இருக்கிறது, தொமினிக் ததர்காவின் குறுநாவலிலிருந்து எடுத்தது. அதை இரண்டாவதாக, வேறொரு நாளில் போடுங்கள்.